நெல் மூட்டைமேல் கால்

நரம்புச் சுருட்டலுக்குக் காலை உயர்த்தி வைக்கச் சொன்னாராம் டாக்டர். மாசமாக இருக்கும் என் மகள், தலையணை போதாமல் அரிசி மூட்டைமேல் காலைப் போட்டுப் படுத்திருந்தாள். அந்தக் கோணி வாசம் என்னை நான் பிறந்து வளர்ந்த வானகரத்துக்கு இழுத்துப் போனது.

அப்போது வெள்ளைக்காரன் காலம். அம்மா ஏழு மாத வயிற்றோடு பகலெல்லாம் சேற்றில் நின்று நாற்று நட்டாள். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் வலி தாங்காமல் காலைத் தூக்கி நெல் மூட்டைமேல் வைத்துவிட்டாள்.

அப்பாவின் அக்கா பார்த்துவிட்டாள். "இன்னாடி இது! நெல்லு மேலயா காலு? லட்சுமி ஊட்ட உட்டுப் பூடுவா!"

அப்பா அம்மாவை எழுப்பி, அந்த மூட்டை முன்னால் விழுந்து கும்பிட வைத்தார். வயிறு தரையில் இடிக்காமல் விழ அவள் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த அறுப்பில் அப்பாவுக்கு முள் குத்திக் கால் வீங்கியது. அத்தையே நெல் மூட்டையை இழுத்து வந்தாள். "இதும்மேல கால வெச்சிக்கடா தம்பி, வீக்கம் வத்தும்." அம்மாதான் ஒத்தடம் கொடுத்தாள். ஆம்பளைக் கால் என்றால் லட்சுமிக்குக் கோபம் வராது போலிருக்கிறது.

"அரிசிமேல கால வெச்சிருக்கேனே, தப்பாம்மா?" என்றாள் மகள்.

நான் இன்னொரு மூட்டையையும் இழுத்து வந்து போட்டேன்.