மெழுகுச் சங்கிலியும் மூன்று போத்தல் எண்ணெயும்

1. மனசை மாற்றிய பால்

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், தென்மேற்கிலிருந்து தூசி கிளப்பும் சோளகக் காற்று தொடங்கிய புதிதில், ஒரு காலை எங்கள் பால்காரர் மார்க்கண்டு அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு பால் சங்கத்து வளவுக்குள் வந்தார். காரியரின் இரண்டு பக்கமும் பால் கேன்கள். சங்கிலி ஹாண்டிலில் மாலைபோலத் தொங்கியது. வரணிப் பக்கத்து மணல் ஒழுங்கையில் அது அறுந்துவிட, வெய்யில் ஏற ஏற நடந்தே வந்திருக்கிறார். பால் ஏற்றும் லொறி எப்போதோ போய்விட்டது. கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, பாலாத்தான் ஏத்தினனான். வாற வழியிலை அது மனசை மாத்திப்போட்டுது."

சாவகச்சேரிக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் நான் தொழினுட்ப உதவியாளர். மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்துவிட்டு நேரே வந்திருந்தேன். சைக்கிள்கள், கேன்கள், தராசுகள் மூன்றும் என் பொறுப்பு. நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு பெண்ணைப் பட்டறைக்குள் விடுவது பற்றிக் கொமிற்றியில் சிலருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். "கந்தோர் மேசையிலை இருத்திப் பால் துண்டு எழுத விடுங்கோ. கையும் அழுக்காகாது, சங்கத்துக்கும் பேர்" என்பது அவர்களுடைய யோசனை.

மனேஜர் சபாபதி ஐயா நீதிமன்றக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காலைத் தேநீரில் சீனி குறைந்தாலும் விசாரணை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லுவார். அறுந்த சங்கிலியை மேசையில் கிடத்தி, பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர்போலப் பார்த்தார்.

"பிள்ளை, களஞ்சியத்திலை இனி இருக்கிறது மூண்டே மூண்டு சங்கிலி. இறக்குமதி இல்லை. கொழும்பிலையிருந்து எப்ப வருமெண்டு முருகனுக்கும் தெரியாது. சோளகம் முடியுமட்டும் உந்த மூண்டும் தாக்குப் பிடிக்க நீர் ஒரு வழி காட்டும்."

"காட்டாட்டி, சேர்?"

"காட்டாட்டி மேசைதான். கொமிற்றிக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

2. எண்ணெய்கள், அவரவர் நியாயங்கள்

சங்கிலி அறுந்ததற்குக் காரணம் எண்ணெய் இல்லாமை என்று எல்லோரும் சொன்னார்கள். கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. அதில் ஒரு குடும்பத்துக்குப் பொரியல் செய்யப் போதுமான எண்ணெய் இருந்தது. எண்ணெயில் தூசி ஒட்டுகிறது. தூசி என்றால் அந்தப் பக்கத்தில் நுண்மணல். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரைக்கிற பசை. சங்கிலியின் ஊசிகளையும் உருளைகளையும் அது மிதிக்கு மிதி அரைத்துக்கொண்டே போகும். எண்ணெய் கூடக்கூட அரைப்பும் கூடும்.

இதை விளங்கப்படுத்துவது இலேசல்ல. எங்கள் பக்கத்தில் எண்ணெய் வடியாத சங்கிலி, எண்ணெய் வையாத தலைமாதிரி. அப்படி ஒருவன் சந்தைப் பக்கம் போனால், கவனிக்க ஆளில்லாதவன் என்று சனம் முடிவு கட்டிவிடும். சங்கத்தின் பால்காரர் மூவரும் ஹாண்டிலில் ஆளுக்கொரு போத்தல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

(அ) நல்லெண்ணெய். கந்தையா அண்ணையுடையது. மூவரில் மூத்தவர். "மனுசருக்கு நல்லதெண்டால் இரும்புக்குக் கூடாதோ?" என்பது அவருடைய நியாயம். வெய்யிலில் இது காய்ந்து, சீனிப்பாணிபோல இறுகி, பின்சில்லின் பிறீவீலை ஒட்டிப் பிடிக்கும். எறும்பும் வரும்.

(ஆ) சுறா எண்ணெய். செல்லத்துரை அண்ணையுடையது. மீன்பிடி ஊரான மயிலிட்டியில் பிறந்து மீசாலையில் பெண் எடுத்தவர். "எங்கடை ஊரிலை வள்ளத்துக்கே உதுதான் பூசுறது. கடலுக்கே பயப்பிடாத எண்ணெய், உங்கடை தூசிக்குப் பயப்பிடுமோ?" நன்றாகப் பிடித்து நிற்கும் எண்ணெய்தான். ஒட்டிய தூசியையும் அதே பிடிவாதத்தோடு பிடித்து வைத்திருக்கும். மணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

(இ) கழிவு ஒயில். மார்க்கண்டு அண்ணையுடையது. மைத்துனரின் ட்ரக்டரில் மாற்றியது. சும்மா கிடைப்பது என்பதைத் தவிர வேறு குணமில்லை. எஞ்சினில் தேய்ந்த இரும்புத் துகள் எல்லாம் அதற்குள் இருக்கும். அவர் உடுக்கும் சாரத்தின் வலது ஓரம் எப்போதும் கறுப்பு.

(ஈ) மெழுகு. என்னுடையது. மெழுகுதிரித் துண்டுகளைத் தகரப் பேணியில் போட்டு, பேணியைக் கொதிநீருக்குள் வைத்து உருக்க வேண்டும். அடுப்பை விட்டுத் தூரமாகக் கொண்டுவந்த பிறகுதான் கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்க்கலாம். இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். பழைய கிறீஸ் போகக் கழுவிய சங்கிலியை அதற்குள் ஊறவிட்டு, தூக்கி, காயவிட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். மெழுகு உள்ளே இருக்கும், வெளியே காய்ந்திருக்கும். தூசி ஒட்ட இடமில்லை.

கழிவு ஒயிலை நான் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டேன். ஆக, மூன்று சங்கிலி, மூன்று பூச்சு. கந்தையா அண்ணைக்கும் செல்லத்துரை அண்ணைக்கும் அவரவர் எண்ணெய். மார்க்கண்டு அண்ணைக்கு மெழுகு. ஆனி முழுவதும் ஓட வேண்டும். நான் தருவதைத் தவிர ஒரு சொட்டும் விடக்கூடாது. முடிவில் அளந்து பார்ப்பது.

மார்க்கண்டு அண்ணை தன் புதுச் சங்கிலியை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. முகம் சுருங்கியது.

"பிள்ளை, உது காய்ஞ்ச கருவாடு மாதிரிக் கிடக்கு."

"கருவாட்டைப் பற்றி நீர் கதைக்காதையும்" என்றார் செல்லத்துரை அண்ணை. "சைவக்காரருக்கு அதைப்பற்றி என்ன தெரியும்?"

"மேசையிலை மின்விசிறி இருக்கு, பிள்ளை" என்றார் கந்தையா அண்ணை, ஆறுதலாக. என் நியமனத்தின் கதை வளவு முழுவதும் தெரிந்திருந்தது.

3. சுறா எண்ணெய் பற்றி ஒரு முறைப்பாடு

ஆனி பாதி போயிருக்கும். மட்டுவிலில் பால் தரும் அம்மா ஒருவர் நேரே கந்தோருக்கு வந்தார்.

"உந்த மயிலிட்டிக்காரர் வெள்ளிக்கிழமையும் அந்தச் சைக்கிளோடை படலைக்குள்ளை வாறார். வீடெல்லாம் மீன் சந்தை. எங்கடை பூனை சங்கிலியை நக்கிக்கொண்டு பின்னாலை போய், இன்னும் வீடு திரும்பேல்லை."

மனேஜர் செல்லத்துரை அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பூனை தன்ரை விருப்பத்திலைதான் வந்தது, ஐயா. நான் ஒரு சொல்லும் கூப்பிடேல்லை."

படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்துவது என்றும், பூனையைத் திருப்பிக் கொடுப்பது என்றும் தீர்ப்பாயிற்று. பால் மணத்தை இழுக்கும் பொருள் என்பதால் கேனுக்கு ஈரச் சாக்குச் சுற்றச் சொன்னேன்.

மெழுகுச் சங்கிலி பற்றி ஒரு முறைப்பாடும் வரவில்லை. கிறீச் என்று ஒரு சத்தமும் இல்லை. காலையில் அதை எட்டிப் பார்ப்பேன். வெளிப்பக்கம் துப்புரவாக இருக்கும். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம்.

4. அளவை நாள்

சங்கிலி தேய்ந்தால் நீளும். ஊசிக்கு ஊசி அரை அங்குலம் என்பதால் இருபத்துநான்கு கண்ணி சரியாக ஓர் அடி வர வேண்டும். அதற்கு மேல் எட்டிலொரு அங்குலம் கூடிவிட்டால் சங்கிலி முடிந்தது. இதற்கு ஓர் இரும்பு அடிமட்டமும் நல்ல வெளிச்சமும் போதும்.

மனேஜர் கதிரையைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கொமிற்றித் தலைவரும் வந்திருந்தார். பால்காரர் மூவரும் வேப்ப மரத்தடியில் நின்றார்கள்.

கந்தையா அண்ணையின் சங்கிலி: ஓரடிக்குமேல் கொஞ்சம் கூடுதல். செல்லத்துரை அண்ணையின் சங்கிலி: அதைவிட இன்னும் கொஞ்சம் கூடுதல். மார்க்கண்டு அண்ணையின் சங்கிலி: எட்டிலொரு அங்குலம்.

நான் மறுபடி அளந்தேன். அடிமட்டத்தைத் திருப்பிப் போட்டு அளந்தேன். எட்டிலொரு அங்குலம்தான். ஒரு மாதத்தில் ஒரு புதுச் சங்கிலி முடிந்துவிட்டது.

"அப்ப பிள்ளையின்ரை பக்கம்தான் தோத்தது" என்றார் மனேஜர். குரலில் மெய்யாகவே கவலை இருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னனான். மேசையிலை ஓரிடம் இருக்குதுதானே."

மெழுகு தோற்கக்கூடும். அதற்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். ஆனால் இவ்வளவு மோசமாகத் தோற்க அதற்கு வல்லமை இல்லை. "ஒரு நிமிசம், சேர்" என்று சொல்லி, மூன்று பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூன்று சங்கிலியையும் தனித்தனியே கழுவினேன். முதல் பேசினில் மண்ணிறச் சேறு. இரண்டாவதிலும் சேறு, மீன் மணத்தோடு. மூன்றாவது பேசின் மைபோலக் கறுத்தது. மண்ணெண்ணெயின் நெடியையும் தாண்டி அதிலிருந்து மூன்று மணம் வந்தது.

"சேர், இதிலை மெழுகைத் தவிர மற்றதெல்லாம் இருக்கு" என்றேன்.

மனேஜர் குனிந்து மணந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பழைய நீதிமன்றத்துக்கே திரும்பிப் போயிருந்தார்.

"முதலாம் எதிரி மார்க்கண்டு. உம்மடை சங்கிலிக்கு நீர் எண்ணெய் விட்டனீரோ?"

மார்க்கண்டு அண்ணை நிலத்தைப் பார்த்தார். "ஓம் ஐயா. கொஞ்சம்போலை. சந்தையடியிலை ஒவ்வொரு நாளும் கேட்கினம், 'என்ன மார்க்கண்டு, சங்கத்திலை எண்ணெய்க்கும் வழியில்லையோ' எண்டு. மைத்துனன் கூடச் சிரிச்சுப்போட்டான். வளவுக்கை வாறதுக்கு முதல் நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் வாறனான், பிள்ளைக்கு மனம் நோகக்கூடாதெண்டு."

"கழிவு ஒயில். சரி. நல்லெண்ணெய் எப்படி வந்தது?"

கந்தையா அண்ணை இருமினார். "அது நான்தான். பால் அளக்கிற நேரம் சைக்கிள் மரத்தடியிலை நிக்கும். அந்தச் சங்கிலியைப் பார்த்தால் காய்ஞ்சு கிடக்கும். அறுந்தால் பிள்ளை எல்லே மேசைக்குப் போகோணும்? அதுதான் நாலு சொட்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஞாயிற்றுக்கிழமை விடேல்லை."

எல்லோரும் செல்லத்துரை அண்ணையைப் பார்த்தோம். அவர் விசாரிக்கும்வரை காத்திருக்கவில்லை. "ஓம், நானும்தான். இந்தப் பிள்ளை போனால் வாற ஆள் என்ரை எண்ணெயை முழுக்கத் தடை செய்துபோடும். கொஞ்சம் உசத்தியான எண்ணெய் விட்டால் பிள்ளை வெண்டிடும் எண்டு நினைச்சன்."

மார்க்கண்டு அண்ணை திடுக்கிட்டு நிமிர்ந்தார். "சுறா எண்ணெயோ! என்ரை சைக்கிளிலையோ! நான் வெள்ளிக்கிழமையிலை கோயில் வாசல் மட்டும் உதிலை போனனான்!" பிறகு குரல் இறங்கியது. "அதுதானோ ஒரு நாய் ஒரு கிழமையாய் என்னை விடாமல் பின்னாலை வந்தது? நான் வைரவர் துணைக்கு வாறாரெண்டு நினைச்சு, நிண்டு நிண்டு கும்பிட்டனான்."

கொமிற்றித் தலைவர் சால்வையால் வாயை மூடிக்கொண்டு வேப்ப மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். அவருடைய தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. "சேர், மூண்டு சங்கிலியும் ஒரே தூசியிலைதான் ஓடினது. ஆகக் கூட எண்ணெய் குடிச்ச சங்கிலிதான் ஆகக் கூடத் தேய்ஞ்சிருக்கு. எண்ணெய் கூடினால் தேய்வு கூடும் எண்டு நான் சொன்னதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்."

"ஓம், அது சரி" என்றார் மனேஜர். "ஆனால் மெழுகு நல்லதெண்டு இன்னும் நிரூபிக்கேல்லை. சாட்சியைக் கலைச்சுப்போட்டினம். அதுவும் ஒராள் இல்லை, மூண்டு பேர்."

"நிரூபிக்கிறதுக்கு, ஆகக் குறையத் தேய்ஞ்ச கந்தையா அண்ணையின்ரை சங்கிலியைத் தாருங்கோ. அவருக்குக் கழட்டி வைச்ச பழைய சங்கிலி கிடக்கு. கழுவி மெழுகு போட்டு, மார்க்கண்டு அண்ணைக்குப் பூட்டுறன். சோளகம் முடிய அளப்பம்."

மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் மரத்துக்குப் பின்னாலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தீர்ப்பு வந்தது.

"பிள்ளை பட்டறையிலை இருக்கட்டும். மூண்டு போத்தலும் மேசைக்குப் போகட்டும். மின்விசிறிக்குக் கீழை வைச்சுப் பூட்டுங்கோ."

5. தகடு

தீர்ப்பு எனக்குச் சாதகம்தான். ஆனால் மார்க்கண்டு அண்ணை நாளைக்கும் அதே சந்தையடியால் போக வேண்டும். போத்தலைப் பூட்டலாம், மைத்துனரின் ட்ரக்டரைப் பூட்ட முடியாது. அன்று பின்னேரம் பால் கேன் ஒன்றின் பழைய மூடியை வெட்டி, பச்சைப் பெயின்ற் அடித்து, வெள்ளை எழுத்தில் எழுதினேன்: "பரிசோதனைச் சங்கிலி. எண்ணெய் விடலாகாது. உத்தரவுப்படி." அதை அவருடைய சைக்கிளின் நடுக் குழாயில் பூட்டிவிட்டேன்.

அடுத்த நாள் சந்தையில் யாரோ வாயைத் திறக்குமுன் மார்க்கண்டு அண்ணை இறங்கி நின்று தகட்டைக் காட்டியிருக்கிறார். "வாசிச்சுப் பாரும். உம்மடை சங்கிலிக்கு இப்பிடி உத்தரவு இருக்கோ?" பிறகு அவர் சந்தையடியில் இறங்காமல் போனதாக நான் கேள்விப்படவில்லை. ஒரு கிழமைக்குள் கந்தையா அண்ணை பட்டறை வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். "பிள்ளை, மெழுகு எப்பிடியோ எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கும் ஒரு தகடு வேணும்." தகட்டைத் தனியாகக் கொடுப்பதில்லை என்றேன். மெழுகையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

சோளகம் முடிந்து அளந்தபோது, மார்க்கண்டு அண்ணைக்குப் பூட்டிய சங்கிலி நான் பூட்டிய அன்று இருந்த அளவிலிருந்து மயிரிழைதான் நகர்ந்திருந்தது. அந்த மாதமே நியமனம் நிரந்தரமானது. மாரி மழையில் மெழுகு துருவைத் தடுக்காது, அப்போது மெல்லிய தையல் மெசின் ஒயில் கண்ணிக்கு ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும் என்பதைப் பிறகு கற்றுக்கொண்டேன்.

பட்டறைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எண்ணெய் வகைகளைப் புத்தகத்தில் படிக்கலாம். நான் சொல்ல விரும்புவது அதில் இல்லை. எதைப் பரீட்சித்துப் பார்க்கப் போனாலும், முதலில் அதை ஓட்டப்போகிற ஆளிடம், "இதோடை றோட்டிலை போனால் சனம் உங்களை என்ன சொல்லும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் பிறகு சங்கிலியில் கை வையுங்கள்.