நிற்க விடாத அக்கா

நாகர்கோவிலில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. முதுகுவலி என்று போனதற்கு, நின்றுகொண்டே வேலை பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசில் எனக்கென்று உயரமான மேசை ஒன்று வாங்கிப் போட்டார்கள். முதலில் குதிகால் எரிந்தது. கொக்கு மாதிரி கால் மாற்றி மாற்றி நின்றேன். போகப்போக என் காலுக்குப் பழகிவிட்டது. பக்கத்து மேசை அக்காவுக்குத்தான் பழகவே இல்லை.

கணக்குப் பார்க்கிற அக்கா. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். நான் நின்றால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து வந்து நாற்காலியை என் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போவார். எரிச்சலோடு ஓரமாக நகர்த்துவேன். டீ வருவதற்குள் அது மறுபடியும் என் முழங்காலுக்குப் பின்னால் வந்திருக்கும்.

"டாக்டர்தாங்க்கா நிக்கச் சொன்னாரு," என்றேன் ஒருநாள்.

"சரி மக்கா, நீ நில்லு. கசேர அங்ஙனயே கெடக்கட்டும். ஒரு ஆளை நிக்க விட்டுட்டு நான் எப்பிடி இருந்துகிட்டு கணக்கு எழுத?"

அவ்வளவும் என்மேல் உள்ள தனிப் பாசம் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு அவரைத் தேங்காய்ப்பட்டணம் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். போன மாதம் ஒரு வேலையாக அங்கே போனேன். ஐஸ் லாரி வரவில்லை என்று போனில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், கண் கம்ப்யூட்டரில். மேசையருகே போய் நின்றேன். நிமிராமலே கையை நீட்டி, ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

நான் உட்கார்ந்த பிறகுதான், வந்திருப்பது யாரென்று நிமிர்ந்து பார்த்தார்.