தூக்கிக் கட்டுன வண்டியும் பத்தாத ஹோஸும்

பிரேக் வேலைங்கறது இருக்குதுங்களே, நல்லாச் செஞ்சா ஒருத்தருக்கும் நம்ம ஞாபகமே வராது. கொஞ்சம் பிசகுச்சுன்னா ஊரே நம்ம பேரைச் சொல்லும். வயர்மேன், நர்ஸம்மா, கல்யாண வீட்டுச் சமையல்காரர்னு இதே தலையெழுத்தோட பொறந்தவங்க உங்கள்லயும் இருப்பீங்க. உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

நம்ம கடை வீரபாண்டிப் பிரிவுல, பனியன் கம்பெனிகளுக்கு நடுவால. லாரி, டெம்போ, பிக்கப் எதுவானாலும் பிரேக் வேலை மட்டும். செல்போன் எல்லார் கைக்கும் வந்து, எந்தப் போனை எடுத்தாலும் ‘ஷிப்மென்ட், ஷிப்மென்ட்’னு கத்திக்கிட்டிருந்த காலம் அது. கடைக்கு வர்ற ஆளெல்லாம் கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டுத்தான் வருவாங்க.

அஞ்சு அங்குலம்

துரைசாமியண்ணன்னு ஒருத்தர். சாயப்பட்டறையில இருந்து ஈரத்துணி எடுக்கறதுக்கு ஒரு பிக்கப் வெச்சிருந்தாரு. ஈரத்துணி என்ன கனம் கனக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. நாலு நடை போனதும் வண்டி பின்னால உக்காந்துக்கிச்சு. இவரு நேரா ஸ்பிரிங் பட்டை கட்டற பழனிகிட்டப் போயி, ரெண்டு பட்டை சேத்தி, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவால இரும்புக் கட்டை வெச்சு, வண்டிய அஞ்சு அங்குலம் தூக்கிட்டாரு.

பிரேக் ஷூ மாத்தணும்னு எங்கிட்ட வந்துச்சு. அடியில படுத்துப் பாத்தேன். சேசிஸ்ல இருந்து ஆக்சிலுக்கு பிரேக் ஆயில் கொண்டு போற ரப்பர் குழாய், அதுதான் ஹோஸ், தொளதொளன்னு வளைஞ்சு கெடக்கணும். இது துணி காயப்போடற கொடிக்கயிறு கணக்கா விறைச்சு நிக்குது. அது அறுந்தா ஆயில் பூராவும் ரோட்டுல. மிதிச்ச கால் நேரா தரைக்குப் போயிரும். நீளமா, மேல கம்பி பின்னுன ஹோஸ் ஒண்ணு கோயமுத்தூர்ல செய்யச் சொல்லி மாத்திறலாம்னு சொன்னேன். அண்ணன் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. அந்த ஒசரத்தப் பாத்து அவருக்கே பெருமை தாங்கல.

“ஏனுங் மேஸ்திரி, வண்டியத்தானுங்க ஒசத்துனேன், பிரேக்க ஒசத்தலீங்களே?”

பட்டைக்காரர் பதில்

சும்மா இருக்க முடியுதா? பழனி கடைக்கே போயி, இப்படித் தூக்கிக் கட்டறப்ப ஹோஸ் எட்டுதான்னு ஒரு பார்வை பாக்கக் கூடாதான்னு கேட்டேன். மனுசன் சம்மட்டிய கீழ வெக்காமயே சொன்னாரு:

“என் வேலை தூக்கி உடறதுங்க. நிறுத்தறது உங்க வேலை.”

லோடு வெச்சுக் காட்டுனது

மறுநா காலையில துரைசாமியண்ணன் வண்டி நெறைய ஈரத்துணியோட என் கடை முன்னால வந்து, சடக்குன்னு பிரேக் அடிச்சு நிறுத்துனாரு. டீக்கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எப்படி நிக்குது பாருங்கன்னு எறங்கி வந்தாரு. நிக்காம என்னங்க பண்ணும்? லோடு இருந்தா வண்டி அமுங்குது, ஹோஸ் தளந்துக்குது. லோட எறக்கிட்டா வண்டி மேல எழும்புது, ஹோஸ் விறைக்குது. காலி வண்டி ஒரு வேகத்தடையில குதிச்சு சக்கரம் கீழ தொங்குனா அவ்வளவுதான். ரெண்டு கையையும் வெச்சு இத்தனையும் வெளக்கிச் சொன்னேன். அவரு போனப் பாத்துக்கிட்டே தலையாட்டுனாரு.

கூட வந்த டிரைவர் அந்தோணி மட்டும் குந்தி உக்காந்து அடியில பாத்தான். திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்து மூணு வருசம். சம்சாரம் பனியன் கம்பெனியில துணி செக்கிங் வேலை. ரெண்டு கொழந்தைங்க. மொதலாளி அக்கட்டால போன் பேசப் போனதும் மெதுவா எங்கிட்டச் சொன்னான்:

“லோடோட போறதுதான் மொதலாளி வண்டி அண்ணாச்சி. காலியா வாறது என் வண்டில்லா.”

ரெண்டு மணி நேரம்

ஹோஸ் மாத்தாம சாவியத் தொடமாட்டேன்னு அந்தோணி சொல்லிட்டான். வேற ஆள் கெடைக்காத நேரம், அண்ணன் எறங்கி வந்தாரு. ஆனா ஒரு கண்டிசன். வண்டி ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது, கடைக்கும் அனுப்ப முடியாது, ஹோஸ் வந்ததும் சாயப்பட்டறைக்கே வந்து மாட்டிக் குடுக்கோணும்.

சரின்னு அந்தோணிகிட்ட அளவெடுக்கச் சொன்னேன். சேசிஸுக்கு அடியில ஜாக்கி குடு, பின்சக்கரத்தத் தொங்க உடு, இந்த நட்டுல இருந்து அந்த நட்டு வரைக்கும் தொய்வில்லாம இழுத்துப் புடிச்சு அளந்துட்டு வான்னேன். சொன்னபடியே செஞ்சு, ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி நாடா ஒண்ணக் கொண்டாந்து குடுத்தான். கடையில நாலு வண்டி நின்னு ஹாரன் அடிக்குது. நாடாவ பெஞ்சு மேல போட்டேன், ஸ்கேல வெச்சேன், தளர்ச்சிக்கு ரெண்டு அங்குலம் சேத்தி கோயமுத்தூருக்குப் போன் போட்டேன். அடுத்த நா மத்தியானம் பஸ்ஸுல ஹோஸ் வந்துருச்சு, கம்பி பின்னல் பளபளன்னு.

பட்டறைக்குப் போனா லோடு ஏத்தி ரெடியா நிக்குது. ஏத்துன லோட எறக்கச் சொன்னா அண்ணன் சும்மா இருப்பாரா? அப்படியே அடியில பூந்து மாட்டி, ஆயில்ல பூந்த காத்த வெளியேத்தி, மிதிச்சுப் பாத்தேன். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. துரைசாமியண்ணன் வாட்ச்சப் பாத்தாரு.

“இன்னும் கால் மணி நேரம் மிச்சம் இருக்குதுங்க. மனசு வெச்சா எல்லாம் ஆகுமுங்க.”

கை தொடைச்ச துணி

மறுநா பதினோரு மணி இருக்கும். கையெல்லாம் கிரீஸ். தொடைக்கறதுக்கு மூட்டையில இருந்து பனியன் வேஸ்ட்டு ஒண்ண உருவி, ரெண்டாக் கிழிக்கலாம்னு இழுத்தேன். கிழியல. நீண்டுச்சு.

பெஞ்சு மேல கெடந்த நாடாவ எடுத்தேன். அதுவும் பனியன் துணிதான். ஸ்கேல்ல வெச்சு இழுத்தா, ரெண்டு அங்குலம் சேத்திக் குடுத்ததும் போயி, அதுக்கு மேலயும் கொஞ்சம் நீளுது. அவன் நான் சொன்ன மாதிரி இழுத்துப் புடிச்சு அளந்து முடிச்சுப் போட்டிருக்கறான். நான் சுருங்கிக் கெடந்தத அளந்திருக்கறேன். அவனாச்சும் வெளியூரு. பனியன் துணி இழுத்தா நீளும்னு தெரியாம இந்த ஊர்ல எந்தக் கொழந்தையாவது வளந்திருக்குதா? எனக்கு எங்க போச்சு புத்தி?

அன்னைக்கு வண்டி கட்டிங் துணியோட கொமரலிங்கம் ஊருக்குப் பக்கத்துல ஒரு தையல் யூனிட்டுக்குப் போயிருந்துச்சு. திரும்பறப்ப காலி. அந்தோணிக்கு அடிச்சேன், எடுக்கல. பத்துத் தடவை அடிச்சேன். அண்ணனுக்கு அடிச்சா, ஓட்டறப்ப போன எடுக்கக் கூடாதுன்னு தானே சொல்லி வெச்சிருக்கறதாப் பெருமையாச் சொல்றாரு. நல்ல விசயந்தான், ஆனா எனக்கு இருப்புக் கொள்ளல. உக்காந்தா எந்திரிக்கறேன், எந்திரிச்சா உக்காரறேன். அந்த ரெண்டு கொழந்தைங்க மூஞ்சியே கண்ணு முன்னால வருது. கடைய இழுத்துச் சாத்திட்டு பைக்க எடுத்தேன். வழியில பல்லடம் போய்ச் சேர்றப்ப போன் வந்துச்சு.

“எறக்கியாச்சு அண்ணாச்சி, கெளம்புதேன். எதுக்கு இத்தன தடவ அடிச்சிருக்கிய?”

காலியா வராத

சாவியத் தொடாதன்னு நான் போட்ட சத்தத்துல பல்லடம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு. அடியில பூந்து ஈரம் கசியுதான்னு பாக்கச் சொன்னேன். இல்லைன்னான். அப்ப ஒண்ணு பண்ணு சாமி, காலியா மட்டும் வராத, கல்லோ மண்ணோ ஏத்தி வண்டிய அமுக்கி ஓட்டிட்டு வான்னேன். அங்க ஒரு தோப்புக்காரரு தேங்காய்க்கு வண்டி தேடிட்டிருந்திருக்கறாரு. வண்டி நெறையத் தேங்கா.

அது பல்லடம் வர்ற வரைக்கும் நான் குடிச்ச டீக்குக் கணக்கில்ல. அங்கிருந்து பின்னாலயே, ரோட்டுல ஆயில் சொட்டுதான்னு பாத்துக்கிட்டே பைக்க மெதுவா ஓட்டிட்டு வந்தேன். கடை வாசல்ல துரைசாமியண்ணன் இடுப்புல கைய வெச்சுட்டு நின்னாரு. தேங்காயப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

“காலியா வராத, காலியா வராதன்னு மூணு வருசமா நாஞ் சொல்றேன். நீங்க ஒருக்காச் சொன்னதும் கேட்டுட்டானுங்களே!”

ஒரு சொட்டு

தேங்காய எறக்குனோம். ஜாக்கி குடுத்து, சக்கரத்தத் தொங்க உட்டேன். புது ஹோஸ், அத்தன கம்பியும் மின்ன, பழசு மாதிரியே விறைச்சு நின்னுச்சு. அந்தோணிய ஏறி மிதிக்கச் சொன்னேன். ஓரத்துல, கம்பி முடியற எடத்துல, ஒரு சொட்டு ஆயில் வந்து நின்னு, அப்பறம் கீழ விழுந்துச்சு. துரைசாமியண்ணனும் குனிஞ்சு அதைப் பாத்துட்டாரு. சரியான அளவுல ஹோஸ் வர்றவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்னு மட்டும் சொன்னாரு. அந்த ஒரு தடவை அவரு வாட்ச்சப் பாக்கல.

அந்தோணி மூஞ்சி வெளுத்துப்போச்சு. தான் அளந்ததுதான் தப்புன்னு நெனச்சுட்டான். எனக்கு வெக்கமாப் போயிருச்சுங்க. உன் அளவு சரிதான் கண்ணு, கேடு கெட்டு அளந்தது நான்னு சொல்லி, நாடாவ அவன் முன்னாலயே இழுத்துக் காட்டுனேன். வாங்கி, அவனும் ஒரு தடவை இழுத்துப் பாத்தான். திட்டப் போறான்னு நின்னேன், திட்டிருந்தா எனக்கும் பாரம் கொறைஞ்சிருக்கும்.

“எங்க வீட்ல மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. இந்த நாடா அவ குடுத்தது. இழுத்து அளக்காதன்னு சொல்லித்தான் குடுத்தா.”

இப்பவும் நம்ம கடையில பனியன் துணி கை தொடைக்கறதுக்கு, சணல் கயிறு அளவெடுக்கறதுக்கு. எந்த அவசரக்காரர் வந்தாலும் மொதல்ல அவரு வண்டிச் சக்கரத்தத் தொங்க உட்டுப் பாக்கறேன், அதுவரைக்கும் அவரும் கொஞ்ச நேரம் தொங்கட்டும்னு.