எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்

பிள்ளைகள், உங்கள் இருவருக்கும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த நேரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னேன். "பாவம் அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று மகள், நீ என் தோளில் கை வைத்தாய். அந்த இடம் இன்னும் சுடுகிறது.

நான் குளிக்கவில்லை. குசினியில், அம்மாவுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தேன்.

அன்று ஞாயிறு, எனக்கு ஷிப்ட் இல்லை. நீ யூனிவர்சிட்டி லைப்ரரியில், தம்பி கிரிக்கெட்டில். அம்மா இடியப்பத்துக்கு மா குழைத்து, அடுப்பில் பானையும் வைத்துவிட்டு, இடியப்பம் பிழிகிற உரலைக் கையில் எடுத்தா. நான் மேசையில் போனோடு. எங்கள் பள்ளிக்கூடக் குரூப்பில் ஒரு மரண அறிவித்தல். கனடாவில் ஒருவர், ஒரே வகுப்புத்தான், ஆனால் ஊரை விட்டு வந்தபின் ஒரு வார்த்தை பேசினதில்லை. எல்லோரும் அனுதாபம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன்.

"இஞ்சாருங்கோ, இந்த உரலை ஒருக்கா அமத்தித் தாங்கோ. வலக்கை ஏலாமக் கிடக்கு."

"ஓம், வாறன்."

"செத்த மனுசன் உங்கட மெசேஜைப் பாத்திட்டு எழும்பி வரப்போறாரே? வாங்கோவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. நானும் சிரித்தேன். தலை நிமிரவில்லை.

"பொறுமப்பா, எல்லாரும் போட்டிட்டினம். நான் போடாட்டி என்ன நினைப்பினம்?"

"அப்ப நான் கொஞ்சம் இருந்திட்டுச் செய்யிறன்" என்று கதிரையில் இருந்தா. அம்மா முழுதாகச் சொன்ன கடைசி வசனம் அதுதான்.

அனுதாபத்தை அனுப்பினேன். யாரோ பழைய வகுப்புப் படம் போட்டார்கள். அதற்கும் எழுதினேன். பிறகு முழங்கால் நோவுக்கு ஒரு வீடியோ, அதிலிருந்து இன்னொன்று. பானை தீய்ந்து மணந்தது. "அடுப்பைப் பாருமப்பா" என்றேன். பதில் இல்லை. அப்போதுதான் நிமிர்ந்தேன்.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாகப் பார்த்தனவோ.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறதாம். தொடங்கிய நேரம் நிச்சயமாகத் தெரியாமல் கொடுத்தால் மூளைக்குள் இரத்தம் கசியலாமாம். நான் போனை எடுத்துப் பார்த்தேன். காலையிலிருந்து நான் அனுப்பியவை வரிசையாக, நேரத்தோடு இருந்தன. அவற்றில் எதற்கு முன் அம்மாவின் கை ஏலாமல் போனது, எதற்குப் பின் வாய் கோணியது? தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அவர்கள் அந்த மருந்தைக் கொடுக்கவில்லை.

செத்தவர் படத்தில் நீலக் கோடு போட்ட சேட்டு. அது இன்றைக்கும் ஞாபகம். அம்மா அன்று என்ன உடுத்தியிருந்தா என்பதை, ஆஸ்பத்திரியில் வெட்டிக் கழற்றிப் பையில் போட்டுத் தந்தபோதுதான் பார்த்தேன். என் மூளை அப்படிப் பழகிவிட்டது. போன் சத்தம் போட்டால் துள்ளும். பக்கத்தில் மனிதக் குரல் கேட்டால் 'ஓம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கணமே மறந்துவிடும்.

இப்போது அம்மா இடக்கையால் பொத்தான் போடப் பழகுகிறா. உதவப் போனால் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறா. கோபமோ, வேறு ஏதுமோ தெரியாது. பேச முடிந்தால் ஏசியிருப்பா. அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

போனைத் தூக்கி எறியுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டால் தலையை நிமிர்த்துங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இவ்வளவையும் எழுதி, தாளை மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகள் நம்பிய அதே குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடக்கையால் என் சேட்டுப் பொத்தான்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஏலவில்லை. கழற்றிவிட்டு, மேலிருந்து திரும்பத் தொடங்கினேன்.