கிற்றாரின் பத்தாவது கட்டு

அம்மாவைக் கோயில் பாடகர் குழுவிலிருந்து விலக்கியது ஒரே ஒரு சுரம். கோயிலுக்குப் புதுக் கீபோர்ட் வந்த பிறகு, சில இடங்களில் அம்மாவின் குரல் இறங்கிப்போகிறது என்று குழுவை நடத்திய ரீச்சர் சொல்லத் தொடங்கினார். முதலில் மெதுவாகப் பாடச் சொன்னார். பிறகு உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்றார். அடுத்த ஞாயிறு பூசையில் அம்மா கடைசி வாங்கில் எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து சமைக்கும்போது குசினிக்குள்ளும் பாட்டு இல்லை.

சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, கொழும்பில் கணிதம் படித்து முடித்துவிட்டு, வேலைக்குக் காத்திருந்த மாதங்களில் திருகோணமலையில் எங்களோடு தங்கியிருந்தார். அவர் பொழுதை வீணாக்குகிறார் என்பது வீட்டிலே பொதுவான அபிப்பிராயம். ஒரு பின்னேரம் அப்பாவின் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு சுரத்தை மட்டும் பாடும்படி அம்மாவைக் கெஞ்சினார். கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் நாலாவதில் தந்தியை அழுத்தி மீட்டியபோது, தந்தியின் ஒலியும் அம்மாவின் குரலும் ஒன்றோடொன்று சண்டை பிடித்து நடுங்கின. எனக்கே அது கேட்டது.

பிறகு என்னைக் கூப்பிட்டு, தந்தியை அழுத்தாமல் சும்மா தொடச் சொன்னார். அந்த மெட்டுக்கு நேரே தொட்டால் ஒலி செத்துப்போனது. விரலைக் கொஞ்சம் கிற்றாரின் தலைப்பக்கம் நகர்த்தினேன். மணி அடித்ததுபோல் ஒரு நாதம் எழுந்தது. அம்மா பாடினார். இம்முறை நடுக்கமே இல்லை.

"அக்கா, நீங்கள் இறங்கேல்லை. கீபோர்ட்தான் ஏறி நிக்குது."

"எல்லாருக்கும் சரியா இருக்கிற கீபோர்ட் எனக்கு மட்டும் பிழையோ?" என்று கேட்டுவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டார்.

சித்தி எனக்கு விளங்கப்படுத்தினார். தந்தியைச் சரிபாதியில், மூன்றிலொன்றில், நாலிலொன்றில், ஐந்திலொன்றில் தொட்டால் அது தன் சொந்தச் சுரங்களைத் தரும். அம்மாவின் சுரம் ஐந்திலொன்றில் இருப்பது. கீபோர்ட்டும் கிற்றாரும் கீழ்ச் சட்சத்திலிருந்து மேல் சட்சம் வரை பன்னிரண்டு சமபங்காகப் பிரிப்பவை. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட அங்கே சரியாக விழாது. ஒரு மெட்டை மட்டும் நகர்த்தினால் வேறு சுருதியில் தொடங்கும் பாட்டுகள் கெட்டுப்போகும். ஆகவே சமபங்காகத்தான் பிரிக்க வேண்டும், ஆனால் வேறு எண்ணால். போனில் கணக்குப் போட்டுப் பார்த்து, முப்பத்தொன்று என்று முடிவுகட்டினார்.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சித்தி குறட்டால் மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து வாங்கிவந்த தடித்த தங்கூசியை, மீன்பிடிக்கிறவர்களின் அந்த நைலோன் நூலை, கழுத்தைச் சுற்றி அளந்து அளந்து இறுக்கினார். கழுத்து முடியும் இடத்திலிருந்த மெட்டை மட்டும் தொடவில்லை. அது பாதித் தந்தி, எந்தக் கணக்கிலும் மாறாது என்றார். அப்படிக் கட்டியவற்றில் பத்தாவது கட்டு, நான் விரல் வைத்த இடத்துக்கு நேரே வந்து நின்றது. எனக்கு அவர் மந்திரக்காரியாகவே தெரிந்தார்.

அப்பா வந்து பார்த்தார். அந்தக் கிற்றாரை அவர் எங்களைத் தொடக்கூட விடுவதில்லை.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீ?"

"கேட்டால் விடமாட்டீங்கள், அத்தான். ஒருக்கா அக்காவோட வாசிச்சுப் பாருங்கோ."

அம்மா தயங்கித் தயங்கிப் பாடினார். அப்பா பத்தாவது கட்டை அழுத்தி மீட்டினார். குரல் எது, தந்தி எது என்று பிரித்தறிய முடியவில்லை. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு கட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, பஞ்சமம் கொஞ்சம் குறைகிறதே என்றார்.

"ஓம் அத்தான். அது முந்தி இதைவிடச் சரியா இருந்தது. அதில கொஞ்சம் விட்டுக்குடுத்தால்தான் அக்காட சுரம் வருது."

"அப்ப இருக்கட்டும்," என்றார் அப்பா.

சித்தி மட்டக்களப்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிற்றார் அப்படியே இருந்தது. அடுத்த உயிர்ப்பு ஞாயிறன்று, அப்பா போய்க் கேட்டதன் பேரில், ரீச்சர் ஒரு பாட்டுக்கு மட்டும் கீபோர்ட்டை நிறுத்தினார். அம்மா தனியாகப் பாட, அப்பா வாசித்தார். பாட்டு முடிந்ததும் ரீச்சர் அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்குக் கூட்டிப்போனார்.

அதற்கு முந்திய மாதங்களெல்லாம் அப்பா வேலை விட்டு வந்ததும் கிற்றாரோடு குந்திவிடுவார். விரல் வைக்கும் இடமெல்லாம் பிழையாகும். கிண்ணியாவிலிருந்து வந்த அவருடைய கூட்டாளிகள் பழைய பாட்டு ஒன்றைக் கேட்டபோது, தட்டுத்தடுமாறிப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பா கிற்றார் வாசிக்க மறந்துபோனார் என்று பள்ளிக்கூடத்தில் நான் கவலையோடு சொல்லித் திரிந்தேன். இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து கைக்குப் பழகியதையெல்லாம் ஒரு மனிதர் தானாகவே கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கக்கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.