வலிக்கும் என்று சொன்ன டீச்சர்

மரகதம் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் குரங்கணியில், ஏலக்காய் உலர்த்தும் இயந்திரத்தின் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து அவருடைய மகள் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க தம்பி. மாரடைப்பு." "சரிக்கா" என்றேன். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் டீச்சருக்கு அப்படி ஆகிவிட்டது; நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. இரங்கல் எழுதும் பழக்கம் எனக்கில்லை. தெரிந்ததை நேராகச் சொல்கிறேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காக: போடியில் தோட்டத்து ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில், முன்பு ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றில் அவர் விளையாட்டுக்கூடம் நடத்தினார். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் வரும் பெண்கள் விடியும் முன்பே பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஏலக்காய் பறிக்க மலையேறுவார்கள். இறங்கி வரும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு மண், தண்ணீர், அட்டை, வண்ணம், சக்கரம், தகரம். மின்சாமான்கள் என் பொறுப்பு. நான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்.

எங்களுக்குள் ஒத்தே போகாது. முதல் நாளே பல்பு எப்படி எரிகிறது என்று பலகையில் படம் போட்டு விளக்கினேன். பிள்ளைகள் என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

"சொல்லிக் குடுக்காதீக தம்பி. கையில குடுங்க" என்றார்.

"உடைச்சிடுவாங்க டீச்சர்."

"உடைக்கட்டுமே. உள்ள என்ன இருக்குன்னு வேற எப்படித்தேன் பாக்குறது?"

ஆனால் அவரே பேட்டரியைத் தொடமாட்டார். ஒன்றரை வோல்ட்டு யாரையும் கொல்லாது என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. பிள்ளைகள் ஒயரைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்கள். "ஏய், கொண்டு போங்கடா அந்தப் பக்கம்!" என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடுவார். அது நடிப்பல்ல. நிஜமாகவே பயந்தார்.

தடுப்பூசி முகாம் வருகிறது என்று தெரிந்த வாரத்தில் நடந்ததுதான் அவரை எனக்குப் புரியவைத்தது. தாய்மார்கள் எல்லோரும் "வலிக்காது கண்ணு" என்று சொல்லிவைத்திருந்தார்கள். டீச்சர் நடுவில் உட்கார்ந்து, "வலிக்கும். கட்டெறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் போயிரும்" என்றார். இரண்டு பிள்ளைகள் உடனே அழுதார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவரோ ஊசியில்லாத சிரிஞ்சுகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரம் முழுக்கப் பிள்ளைகள் நர்ஸ் ஆனார்கள், நோயாளி ஆனார்கள், எனக்கும் ஜீப் டிரைவருக்கும் ஊசி போட்டார்கள். இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்துக் கொடுத்தேன். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்பியது. அதைக்கொண்டு மூட்டை தூக்கும் அட்டைக் கை ஒன்றையும் செய்தோம். முகாம் நாளில் சட்டைக் கையைத் தாங்களே மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அழுதவர்களும் இருந்தார்கள். ஓடியவர்கள் இல்லை.

"பொய் சொன்னா அடுத்த தடவை நம்ம பேச்ச நம்பாதுக" என்பார். "பயமா இருக்குறத வெளையாடிப் பாத்தாத்தேன் அது கைக்கு அடங்கும்."

அவர் இறந்த பிறகு பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொன்னது, "டீச்சர் மதுரையில மக வீட்டுல இருக்காங்க." ஐந்து வயது யாழினி அதை நம்பி, தினமும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் வந்தால்தான் உள்ளே வருவாளாம். அவள் அம்மா பேச்சியம்மா என்னிடம், "பச்சப்புள்ளைக கிட்ட அதச் சொல்லிப்புடாதீக சார். பயந்துக்கும்" என்று கெஞ்சினார். நான்கு நாள் பொறுத்தேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். இன்னும் ஒரு நாள் போனால் இந்தக் கூடத்தில் யார் சொல்வதையும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் சொல்லிவிட்டேன். "டீச்சர் செத்துட்டாங்க. நெஞ்சு நின்னுபோச்சு. இனி வரமாட்டாங்க."

ஒருவன் கேட்டான்: "கொட்டு அடிச்சாங்களா?"

"தெரியலடா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அப்ப நாம அடிப்போம்."

அட்டையில் பாடை தயாரானது. தகர டப்பா கொட்டானது. வண்ணக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் பூ செய்தார்கள். டீச்சராக யார் படுப்பது என்பதில் சண்டை வந்தது. யாரும் சம்மதிக்கவில்லை. "சார், நீங்க படுங்க" என்றார்கள். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றி வந்து ஆடினார்கள். யாரோ குனிந்து, "டீச்சர், வலிக்குதா?" என்று கேட்க, "செத்தவங்க பேசக்கூடாதுடா மக்கு" என்று இன்னொருத்தி அதட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப்புகள் இறங்கிவிட்டன. பேச்சியம்மாவின் குரல் கேட்டது. "அடப் பாவிகளா, என்ன கூத்து இது! உசுரோட இருக்கிற மனுசனைப் படுக்க வச்சு... அவசகுனம்! எந்திரிங்க சார்!"

"சத்தம் போடாதம்மா" என்றது ஒரு சின்னக் குரல். யாழினி. படியிலிருந்து எழுந்து உள்ளே வந்திருந்தாள். "டீச்சருக்குப் பூப் போடுறோம். நீயும் போடு."

கொட்டு நின்றது. பிறகு காகிதப் பூக்கள் என் நெஞ்சின் மேல் விழுந்தன. கூடவே ஏலக்காய் வாசனை வந்தது, பறித்துவிட்டு வந்த கையின் வாசனை. பேச்சியம்மா டீச்சரிடமே பேசுவதுபோல் அழுதுகொண்டே சொன்னார்: "எம்புள்ளைய உள்ள கூட்டிட்டு வந்துட்டியே தாயி."

செத்தவர் பேசக்கூடாது என்பது பிள்ளைகள் போட்ட விதி. அதனால் அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கூடம் திறந்துதான் இருக்கிறது, டீச்சர். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.