பத்துக்கு மூன்று

செம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் தெருவில், பட்டப்பகலில், எங்கள் வீட்டு நாயை ஸ்கூட்டர் ஒன்று இடித்துவிட்டுப் போனது. நான் ஓடிப் போவதற்குள் அது எழுந்துவிட்டது. உடம்பை உதறிக்கொண்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. பின்னங்காலை மட்டும் கொஞ்சம் தாங்கித் தாங்கி வைத்தது. மாலையில் வழக்கம்போலச் சோறு தின்றது, கூரியர்காரரைப் பார்த்துக் குரைத்தது. பெரிதாக அடிபடவில்லை என்று நானும் மனைவியும் நிம்மதியானோம்.

நான்காம் நாள் அது மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தது. ஏறவில்லை. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் இடுப்பை அழுத்தியபோதும் அது கத்தவில்லை, அவர் கையை நக்கியது. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

"வால ஆட்டுதேன்னு நம்பாதீங்க சார். சில நாய்ங்க கடைசி வரைக்கும் காட்டிக்காது" என்றார்.

மனைவி அதன் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். "ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா நீ?" என்று அதனிடம் கேட்டு அழுதாள்.

அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்ற எனக்கு மற்ற பெண்களின் குரல்தான் கேட்டது. ஒருமுறை கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியபோது, சோற்றை வடித்து முடித்த பிறகுதான் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். இதையெல்லாம் ஆபீசில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எலும்பு கூடட்டும் என்று நாயைக் கட்டிப் போட்டிருந்த அந்த மாதத்திலேயே ஒரு காலையில் அவள் அடுப்படியில் நின்றபடி வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லங்க, புடிச்ச மாதிரி இருக்கு."

நான் விடவில்லை. கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வயிற்றை அழுத்தி, "வலிக்குதாம்மா?" என்றார்.

"கொஞ்சம்" என்றாள், சிரித்த முகத்தோடு.

"சார், அவ வலிய சொல்ல மாட்டா" என்றேன்.

"இவர் எப்பவுமே இப்படித்தான் டாக்டர். சீக்கிரம் பயந்துடுவார்."

இருவரும் சிரித்தார்கள். கேஸ் டிரபிள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் உடம்பின் வலிக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது? சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது, உதடு வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோ இரும்புலியூர் அருகே நெரிசலில் நின்றபோது ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா சார், யாருக்கு ஒடம்பு சரியில்ல? உனக்கா, அம்மாவுக்கா?" எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பெண்டிக்ஸ் வெடிச்சு ஒரு நாளுக்கு மேல ஆயிருக்கும். இதோட எப்படி நடந்து வந்தாங்க?" என்றார் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்.

வார்டில் நர்ஸ் தினமும் கேட்பார். "வலி எவ்ளோக்கா? பத்துக்கு எத்தனை?"

"மூணு."

ஒரு நாள் அந்த நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "சார், தையலப் பிரிச்சு சீழ் எடுத்தப்பவும் மூணுன்னுதான் சொன்னாங்க. நாங்க அத எத்தனைன்னு எடுத்துக்கறது?"

"தெரியல சிஸ்டர்" என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

பிழைத்து வீட்டுக்கு வந்தாள். தெம்பு வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "உனக்கு நிஜமாவே வலிக்காதா, இல்ல சொல்ல மாட்டியா?"

"வலிக்கும்ங்க. சொன்னா கொறையும்னு எனக்குத் தோணினதே இல்ல."

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலப் படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல, செருப்பு வார் கழண்டுடுச்சு."

குனிந்து பார்த்தேன். வார் மாட்டியபடியே இருந்தது. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவள் அடுத்த படியில் கால் வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.